கற்கள் இறங்கி வந்த வருடம்

ஊசிமரக் காட்டின் விளிம்பில் தொடங்கி, கறுத்த ஓடையின் நடுவால் இறங்கி, இரண்டு பாறைகளுக்கு இடையில் வளைந்து, பாழடைந்த சுண்ணாம்புச் சூளையைச் சுற்றி, திரும்பவும் காட்டுக்கே ஏறிப்போகிற ஒரு எல்லைக்குள் இருந்த ஊர் ஸ்டைன்மட். அந்த எல்லையை யாரும் நிலத்தில் கீறி வைக்கவில்லை. இடுப்பளவு உயரக் கற்கள் ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டிய தூரத்தில் நின்றன. ஊர்ப்பக்கம் பார்த்த முகத்தில் ஓர் அரிவாளும், கீழே இருக்கிற ஊன்டர்பாக் ஊரைப் பார்த்த முகத்தில் ஒரு மீனும் கொத்தப்பட்டிருந்தன. மடத்துத் துறவிகள் மேல்பாதியையும் கோட்டைப் பிரபு கீழ்ப்பாதியையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்ட காலத்தில், சத்தியம் செய்த ஏழு கிழவர்கள் ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஓட்டுத்துண்டு ஒன்றை இரண்டாக உடைத்துப் புதைத்தார்களாம். அதைச் சாட்சி என்பார்கள். கல்லைக் கள்ளமாக நகர்த்தினாலும் சாட்சி காட்டிக்கொடுக்கும் என்பது நம்பிக்கை.

அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்தவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கொள்ளைநோய் வந்தது, பாதிப்பேர் போனார்கள். இடி விழுந்து தேவாலயம் எரிந்தது, மணி உருகி ஓடையில் விழுந்தது, அந்த உலோகத்தையே அள்ளி மறுபடி மணி வார்த்தார்கள். கோடையே வராத ஒரு வருடம் வந்தது, உருளைக்கிழங்கு நிலத்துக்குள்ளேயே அழுகியது, அப்போது ஊர் கூடி, கை தூக்கி, தன்னுடைய ஏழைகளைத் தானே கப்பலேற்றிப் பிரேசிலுக்கு அனுப்பியது. போனவர்கள் திரும்பி வரக்கூடாது என்றும் கை தூக்கித்தான் முடிவெடுத்தார்கள். அந்த ஊரில் எல்லாமே கை தூக்கித்தான் நடக்கும். கை தூக்கினால் உள்ளே, தூக்காவிட்டால் வெளியே.

இன்னொரு வழக்கமும் இருந்தது. இயேசு பரலோகம் ஏறின வியாழக்கிழமையில் கை தூக்குகிற உரிமை உள்ளவர்கள் எல்லாரும் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். ஒவ்வொரு கல்லிலும் நின்று, கூட வந்த பிள்ளைகளில் ஒருவனைக் கல்லோடு நிறுத்தி, தகப்பன் அவன் கன்னத்தில் ஓங்கி அறைவான். கல் எங்கே நின்றது என்பது தலைக்கு மறந்தாலும் கன்னத்துக்கு மறக்காது என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அடி வாங்கின பிள்ளைக்கு முட்டையும் சொசேஜும் கொடுப்பார்கள். என்னைப்போல வந்து குடியேறினவர்களுக்கு நடையும் இல்லை, அடியும் இல்லை. நடை முடிகிற இடத்தில் சொசேஜ் மட்டும் உண்டு.

நானும் என் மனைவி ஞானமும் அந்த ஊரின் பால்சாலைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். பால்சாலையில் சீஸ் செய்வார்கள். என் வேலை, நிலவறையில் தட்டுத் தட்டாக அடுக்கியிருக்கிற சீஸ் வட்டங்களை எடுத்து உப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துத் திருப்பி வைப்பது. வலது கையால் தேய்ப்பது, இடது கையால் திருப்புவது. அதனால் என் வலது கைத் தோல் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஊரில் எல்லாரும் ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிடுவார்கள், என்னை மட்டும் நீர் என்பார்கள். பரராசசிங்கம் என்கிற பெயரைப் பாரா என்று வெட்டிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஊர்த்தலைவனின் பெயர் ஊர்ஸ். அங்கே அது சாதாரணமான ஆண்பிள்ளைப் பெயர், கரடி என்று அர்த்தமாம். ஞானத்துக்கு அந்தப் பெயரைக் கேட்ட முதல்நாளே சிரிப்பு. பேரிலேயே ஊரை வைத்திருக்கிறவன், அவனிடம் போய் நாங்கள் ஊர் கேட்டு நிற்கிறோம் என்றாள்.

கேட்டு நின்றது உண்மை. குடியுரிமை வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் ஊர் கூடிக் கை தூக்க வேண்டும். அதற்கு முன்னால் ஊரின் சரித்திரமும் பூகோளமும் கேட்பார்கள். நான் ஓடையின் பெயர் சொன்னேன். மணி உருகின கதை சொன்னேன். மூன்றாவது கேள்வியைப் பள்ளிக்கூட மண்டபத்தின் மேடையில் இருந்து ஊர்ஸே கேட்டான்.

"உம்முடைய ஊர் எது?"

எங்கள் ஆட்களில் கொழும்பில் ஐம்பது வருடம் கடை வைத்திருந்தவனைக் கேட்டாலும், கனடாவில் பேரப்பிள்ளை கண்டவனைக் கேட்டாலும், ஊர் எது என்றால் பிறந்த ஊரைத்தான் சொல்வான். அந்தக் கேள்விக்கு வேறொரு பதில் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. நெஞ்சை நிமிர்த்தி, சுழிபுரம் என்றேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

ஊர்ஸ் சபையைத் திரும்பிப் பார்த்தான். "அப்படியெண்டால் பஸ் நிக்கிற இடம் அவருக்குத் தெரியும்தானே" என்றான்.

மண்டபம் சிரித்தது. நல்ல சிரிப்பு, கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்பு என்று பிறகு பலர் எனக்கு விளங்கப்படுத்தினார்கள். கைகள் எழும்பவில்லை. ஒரேயொரு கை, பின்வரிசையில், கம்பளிச் சட்டைக் கையோடு எழும்பி, எல்லாரும் திரும்பிப் பார்த்த பிறகும் இறங்காமல் நின்றது. அது ஊர்ஸின் மனைவி ஃப்ரேனியின் கை.

அந்த ஒரு கையால் நான் உள்ளே போகவில்லை. அந்த ஒரு வசனத்தால் வெளியே போகவும் இல்லை. அதை அவர்களின் மலைப்பேச்சிலேயே, அவன் இழுத்த இழுப்போடு, சீஸ் தேய்க்கிற நேரமெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லி வைத்திருந்தேன். பஸ் நிற்கிற இடம் உமக்குத் தெரியும்தானே. ஒருநாளைக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும்.

எல்லை நடைக்கு அடிக்கப் பிள்ளைகள் கிடைக்காமல் போய், சில வருடங்களாக அந்த வியாழக்கிழமையில் யாரும் நடக்காமல் விட்டிருந்தார்கள். அப்படி விட்ட ஒரு வருடத்தில், பனி உருகி முடிந்த கையோடு, கற்கள் இறங்கத் தொடங்கின.

முதலில் கண்டவன் ஊர்ஸ். காட்டு விளிம்பில் நின்ற மேற்குக் கல், அவனுடைய வைக்கோல் புல்வெளியின் நடுவில், அரிவாள் முகம் ஊரைப் பார்த்தபடி, இருநூறு வருடமாக அங்கேயே நின்றது மாதிரி பாசி பிடித்து நின்றது. ஊன்டர்பாக் பெடியள் குடித்துவிட்டுச் செய்த வேலை என்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தோண்டிப் பார்த்தான். கல்லின் அடியில் சாட்சி இருந்தது. உடைந்த ஓட்டின் இரண்டு பாதியும் பொருந்தின. அதோடு அவன் மண்ணை மூடிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அடுத்த கிழமை ஓடைக்கல் ஓடையை விட்டு ஏறியது. சூளைக்கல் சூளையை விட்டு விலகியது. நடக்கிறதை யாரும் பார்த்ததில்லை. பால் கறக்கக் குனிந்து நிமிர்ந்தால் கல் ஒரு வேலி தாண்டி நிற்கும். மாநிலத்தில் இருந்து நில அளவையாளர் வந்தார், கண்ணாடிக் கருவியை மூன்று காலில் நிறுத்தினார், மத்தியானம் வரைக்கும் பார்த்தார், உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டார், கல் எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை, சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றுவிட்டுப் போனார்.

ஊர்க்காரர்கள் கலங்குகிற ஆட்கள் அல்ல. எதையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டால் அது பயமில்லை என்று நினைக்கிறவர்கள். ஊராட்சி அலுவலகத்தை அங்கே கெமைண்ட என்பார்கள். கெமைண்டவின் கிளார்க் ரெகுலா, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பாள், வெள்ளிக்கிழமை தோறும் பலகையில் அறிவித்தல் போட்டாள்: இன்ன தோட்டம், இன்ன வீடு, இந்தக் கிழமையில் இருந்து ஊன்டர்பாக். கல்லுக்கு வெளியே போன வீட்டுக்காரர் சைக்கிளில் கீழே போய்ப் பதிந்தார். கீழூர்க்காரர்கள் மரியாதையாகக் கை கொடுத்து வரவேற்றார்கள். கல்லுக்கு வெளியே போன மாடுகளின் பாலைப் பால்சாலையில் தனி அண்டாவில் வார்த்தார்கள், அது வேற்றூர்ப் பால். பெண்கள் பாட்டுக் குழுவில் தடித்த குரல்காரிகள் எல்லாரும் ஒரே கிழமையில் வெளியே போய்விட்டதால் கொஞ்ச நாள் மெல்லிய குரலிலேயே பாடினார்கள். சாராயக் கடையில் எந்தக் கல் முதலில் தேவாலயத்தைத் தொடும் என்று பந்தயம் கட்டினார்கள். ஒரு கிழவன் தன் வீட்டுப் படியில் கல் வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, முன்வாசல் வெளிநாடு, சமையலறை உள்நாடு என்று சொல்லிக்கொண்டு பின்வாசலால் போய்வந்தான். அடுத்த கிழமை சமையலறையும் போனது.

ஒன்றுதான் அவர்களைத் தொட்டது. கல்லுக்கு வெளியே போனவர்களுக்குத் தேவாலய மணி கேட்காது. காது பழுதில்லை, மற்றதெல்லாம் கேட்கும், மாட்டு மணி கேட்கும், ரயில் கேட்கும். உருகி வார்த்த அந்த மணி மட்டும் கேட்காது. கோடை முடிகிற நாட்களில் ஊர்ஸின் வீடு வெளியே போனது. ஊர்த்தலைவனே ஊருக்கு வெளியே என்று யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சிரிக்க உள்ளே ஆட்கள் குறைவு. பால் கொண்டு வருகிற வழியில் பார்ப்பேன், அவன் வேலிப் படலையில் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பான். மெலிந்துபோய்க் கதிரையில் இருக்கிற ஃப்ரேனி, பன்னிரண்டு அடிச்சிட்டுது, சாப்பிட வா என்பாள். அவளுக்கும் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

எனக்கு மணி கேட்டது. அது என் கட்டிலுக்கு நேர்மேலே அடித்தது.

இலை கொட்டி முடிந்தபோது கற்கள் எல்லாம் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நெருங்கி, தேவாலயத்தையும், அதை ஒட்டின, ஊர்ப் பிணங்களைப் புதைக்கிற சேமக்காலையையும், சேமக்காலை மதிலோடு முதுகு ஒட்டின எங்கள் பால்சாலையையும் வளைத்துக்கொண்டு நின்றுவிட்டன. கடைசிக் கல், மேற்குக் கல், சேமக்காலை வாசலில் நின்றது. தேவாலயத்தில் யாரும் குடியில்லை, பாதிரியார் கீழே இருந்து பஸ்ஸில் வருகிறவர். ஆகவே ஸ்டைன்மட் என்கிற ஊரில் மூன்று பேர் மிஞ்சினோம். நான், ஞானம், எங்களுக்குக் கீழே அறையெடுத்திருந்த அவெலினோ.

அவெலினோ போர்த்துக்கல்காரன். முன்பு ஊர்ஸின் பண்ணையில் வேலை செய்தான். ஒரு கன்றுக்குட்டி செத்ததற்கு அவன்தான் காரணம் என்று, வைக்கோல் வெட்டு நடுவில், சாப்பாட்டு மேசையில் இருந்து எழுப்பி அனுப்பினார்கள். கன்றுக்கு வயிற்றில் கம்பி இருந்தது பிறகு தெரிந்தது. அனுப்பினது அனுப்பினதாகவே இருந்தது.

மூன்றுபேர் ஊராக நாங்கள் அமைதியாகத்தான் இருந்தோம். அவெலினோ என்னைத் தலைவர் என்று கூப்பிட்டான், நான் அவனைத் தீயணைப்புப் படை என்றேன். முதல் பனி விழுந்த கிழமையில் ஃப்ரேனி செத்துப்போனாள்.

அவளுடைய மகன் ரேட்டோ சேமக்காலையில் இருக்கிறான். உழவு இயந்திரம் சரிவில் கவிழ்ந்து, மீசை முளைக்கிற வயதில் போன பெடியன். அவனுக்குப் பக்கத்தில் தனக்கு ஓர் இடம் விட்டுவைத்து அதில் வருடாவருடம் பூக்கன்று நட்டு வந்தாள். ஊன்டர்பாக்கில் இருந்து குழி வெட்டுகிறவன் சின்ன இயந்திரத்தோடு வந்தான். இயந்திரத்தின் பல் மண்ணில் பட்டதும் மணி மாதிரி சத்தம் வந்தது, பல் வளைந்தது. மண்வெட்டியால் கொத்தினான், மண்வெட்டி துள்ளி வந்தது. பக்கத்தில் அவெலினோ வேடிக்கைக்குக் காலால் கிண்டினான், பொலபொலவென்று வந்தது அதே மண். வெளியூர்ப் பிணத்துக்கு நிலம் திறக்கவில்லை.

ரெகுலா மேல்மாடிக்கு ஏறிவந்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், அதுவரை அவள் எங்கள் வீட்டில் கழற்றினதில்லை. சட்டத்தை விளங்கப்படுத்தினாள். கல்லுக்குள்ளே அடுப்பு எரிகிற வீட்டுக்காரர் எவரோ அவர்தான் ஊர், பழைய சட்டம் அப்படி, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று அது கேட்காது. ஊர் கூட வேண்டும், கை தூக்க வேண்டும். செத்தவளைத் தனியாக எடுக்க முடியாது, மனைவி புருஷனின் ஊரில்தான் அடக்கமாவாள், ஆகவே கேட்கப்போவது ஊர்ஸின் பெயர். நாளை பின்னேரம் இருட்டுவதற்குள் முடியாவிட்டால் கீழே கொண்டுபோய் எரித்துவிடுவார்கள். அங்கே ரேட்டோ இல்லை. இதைச் சொல்லிவிட்டு அவள் ஞானம் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

அவள் போன பிறகு ஞானம் வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசி எங்களுக்குக் கை தூக்கினவ."

"அவவுக்கு இல்லையெண்டு நான் சொன்னனானே? அவன்ரை பேரையெல்லோ கேக்கினம்."

"எரிக்கிறது எங்களுக்குச் சரி. அவைக்குப் புதைக்கிறது. பெத்த பிள்ளைக்குப் பக்கத்திலை."

"அப்ப அவன் என்னைப் பஸ்ஸிலை ஏறச் சொல்லேக்கை நீ எங்கை இருந்தனி?"

"உங்களுக்குப் பக்கத்திலை. அந்தக் கதிரையிலை ஒரு ஆணி குத்தினது, அதுகூட ஞாபகம் இருக்கு." வெட்டின வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளினாள். "பேரிலையே ஊரை வைச்சிருக்கிறவன் வந்து கேக்கிறான். குடுக்கிறதும் விடுறதும் உங்கடை இஷ்டம். நான் தூக்குவன்."

அவெலினோவிடம் கேட்டேன். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வருவேன், வெளியில் எடுக்கமாட்டேன், குளிர் என்று சொல்வேன் என்றான். ஆக ஒன்றுக்கு ஒன்று. மிச்சம் என் கை.

அடுத்தநாள் காலையில் நிலவறையில் சீஸ் தேய்த்தேன். வட்டத்துக்கு வட்டம் அந்த வசனத்தைச் சொன்னேன். பஸ் நிற்கிற இடம். இழுப்பு சரியாக இருந்தது. ஃப்ரேனியின் கம்பளிச் சட்டைக் கையும் வந்தது, அதையும் உப்புத்தண்ணீரில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை.

பின்னேரம் ஊர் கூடியது. சேமக்காலை வாசலில் கற்களுக்கு உள்ளே நாங்கள் மூன்று பேர் நின்றோம். ரெகுலா எண்ணுகிறதற்காக ஒரு காலை உள்ளே வைக்க அனுமதி கேட்டாள், கொடுத்தோம். கற்களுக்கு வெளியே மற்ற எல்லாரும் நின்றார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் சிரித்த முகங்கள் எல்லாம் வயதாகி, தொப்பியைக் கையில் பிடித்து, பனியில் நின்றன. வைக்கோல் வண்டியில் பெட்டி இருந்தது. அதன் மேல் பனி விழ விழ ஊர்ஸ் கையால் தட்டிக்கொண்டிருந்தான். குழி வெட்டுகிறவன் மண்வெட்டியை ஊன்றி நின்றான். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊருக்குக் கேள்வி கேட்கிற உரிமை உண்டு என்று ரெகுலா சொன்னாள். வழக்கப்படி சரித்திரம், பூகோளம். யாராவது கேட்கிறீர்களா என்று பொதுவாகக் கேட்டாள், ஆனால் என்னைத்தான் பார்த்தாள்.

ஓடையின் பெயரை நான் கேட்கவில்லை. மணியைப் பற்றியும் கேட்கவில்லை.

"உம்முடைய ஊர் எது?" என்றேன்.

ஊர்ஸ் பெட்டியில் இருந்து கையை எடுத்தான். அந்த நாட்டில் ஒரு விசேஷம் உண்டு. அவர்களுடைய கடவுச்சீட்டில் பிறந்த இடம் எழுதமாட்டார்கள், தகப்பன் வழியில் பாட்டன் பூட்டன் எந்த ஊர்ப் பிரஜையோ அந்த ஊரைத்தான் எழுதுவார்கள். போயிருக்காவிட்டாலும் அதுதான் அவன் ஊர். ஊர்ஸ் நேர்மையான மனிதன், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. சபையில் கேட்டால் காகிதத்தில் இருப்பதைத்தான் சொல்வான்.

"ரோட்டன்எக்" என்றான். பிறகு, "நான் அங்கை போனதில்லை" என்றான்.

வெளியே பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினான். எனக்கு அந்தச் சத்தம் போதும். பதில் கண்முன்னே விழுந்து கிடந்தது. இத்தனை வருடம் தேய்த்துப் பதப்படுத்தி வைத்திருந்ததை எடுத்தேன், அவனுடைய பேச்சில், அவனுடைய இழுப்போடு:

"அப்படியெண்டால் பஸ் நிக்கிற இடம் உமக்குத் தெரியும்தானே."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஞானம் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தபடி கையைத் தூக்கினாள், நேராக, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. ஒன்று என்றாள் ரெகுலா. அவெலினோ, குளிர் என்றான்.

ஊர்ஸ் வண்டியை விட்டு வந்தான். கல்லைத் தாண்டவில்லை. வாசலில் நின்ற மேற்குக் கல்லுக்கு வெளிப்பக்கமாக வந்து, அதில் முதுகைச் சாய்த்து, தொப்பியைக் கழற்றி, இடது கன்னத்தை எனக்குத் திருப்பினான். சிவந்த, நரம்போடின, கிழட்டுக் கன்னம்.

"இந்தக் கல்லிலைதான் அப்பா எனக்கு அடிச்சவர்" என்றான். "எனக்கு ஆறு வயது. அப்ப இது காட்டுக்குப் பக்கத்திலை நிண்டது." பிறகு, "அடி, பாரா" என்றான். "நான் மறந்துபோனன் போலை. நீ அடி."

முதன்முதலாக அவன் என்னை நீ என்றது அப்போதுதான்.

நான் கிட்டப் போனேன். கல் என் இடுப்பில் முட்டியது, அவ்வளவு கிட்ட. அவனுடைய மூச்சில் சாராயமில்லை, பால் மணம் இருந்தது. அடிக்க வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு வந்த ஆசையை இதுவரை வேறெதற்கும் நான் உணர்ந்ததில்லை. கை தானாகவே போனது. செருப்புத் தோல் பிடித்த வலது கை, தோளுக்கு மேலே, தலைக்கு மேலே, இன்னும் மேலே, இறங்கினால் அந்தக் கன்னத்தில் ஏழு கிழவர்களின் சாட்சி மாதிரி உடைகிற உயரத்துக்குப் போய் நின்றது.

"இரண்டு" என்றாள் ரெகுலா.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் விரலை நீட்டி என் கையை எண்ணி முடித்திருந்தாள். "இரண்டு. பெரும்பான்மை" என்று வெளியே நின்றவர்களுக்குக் கேட்கச் சொன்னாள். எங்கள் பேச்சில் கை தூக்குவது ஒன்று, கை ஓங்குவது இன்னொன்று. அந்தப் பாஷையில் கை மேலே போனால் போனதுதான். இல்லை, இது அந்தக் கை இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்பியது. அந்த நேரத்தில் சேமக்காலைக்குள்ளே மண்வெட்டி மண்ணுக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. மெத்தென்ற, ஈரமான, சாதாரணச் சத்தம். வெளியே நின்றவர்களின் தலைகள் ஒரேயடியாக மேலே திரும்பின, ஏனென்றால் மணி அடித்தது, எல்லாருக்கும் கேட்டது. ஊர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தை இன்னும் அப்படியே வைத்துக்கொண்டு, அடிக்குக் காத்துக்கொண்டு நின்றான்.

என் கை மேலேயே நின்றது. அதை இறக்க எனக்கு வழி தெரியவில்லை. மெதுவாக இறக்கினால் வாக்கு, வேகமாக இறக்கினால் அடி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போனார்கள், நான் கையைத் தூக்கினபடி வாசலில் நின்றேன். பின்வரிசையில் ஒருகாலத்தில் ஒரு கம்பளிச் சட்டைக் கை நின்றது மாதிரித்தான் அது பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் ஞானம் வந்து மணிக்கட்டைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து, தன்னுடைய கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

குளிர்காலம் முழுக்கக் கற்கள் திரும்பி ஏறின. ரெகுலா பழையபடி வெள்ளிக்கிழமைகளில் பலகையில் போட்டாள், இன்ன வீடு திரும்ப ஸ்டைன்மட். கீழூர்க்காரர்கள் மரியாதையாகக் கை கொடுத்து அனுப்பினார்கள். வேற்றூர்ப் பால் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தோம். தடித்த குரல்காரிகள் வந்து சேர்ந்தார்கள். மேற்குக் கல் மட்டும் போகவில்லை. சேமக்காலை வாசலை விட்டு, எங்கள் மாடிப்படியின் அடியில் வந்து நின்றது. அதற்காக ஸ்டைன்மட்டின் எல்லை காட்டு விளிம்பில் இருந்து எங்கள் படிக்கு வந்து, படியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் காட்டுக்குப் போகிறது. அளவையாளர் வந்து பார்த்தார், பொரியல் சாப்பிட்டார், போனார். ஞானம் அதில் மிளகாய் காய வைக்கிறாள்.

அடுத்த வருடம் அந்த வியாழக்கிழமை எல்லை நடையை மறுபடி தொடங்கினார்கள். ஊர்ஸ் படிக்குக் கீழே வந்து நின்று, வா, உனக்கும் இந்தக் கல்லில் ஓர் அடி வைத்துத் தர வேண்டும் என்று கூப்பிட்டான். வேலை இருக்கிறது என்றேன். நான் மறக்கிற ஆளில்லை. நடை முடிந்து அவன் சொசேஜ் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனான், அதைப் பூனை தின்றது.

நான் ஓங்கினேன் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். ஞானம், இல்லை, தூக்கினீர்கள், நான் பார்த்துக்கொண்டுதானே நின்றனான் என்கிறாள். இதில் எங்களுக்குள் சண்டை வரும், சமைத்தது ஆறும். அவள் அந்தப் பக்கத்தில் நின்றதால் என் உள்ளங்கையை மட்டும்தான் பார்த்தாள். என் தோளில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. நிலவறையில் சீஸைத் தேய்க்க வலது கையைத் தூக்குகிற நேரமெல்லாம் அது அங்கே கனக்கிறது. அந்த அடி இன்னும் இறங்கவில்லை.